மறுபடியும் குறைந்த அளவிலிருந்து

பிரெசில்லாவுக்கு வலிப்பு வந்தது கழுத்தளவுத் தண்ணீரில். கடலில் பாசி பறிக்க முங்கியவள் எழவில்லை. பக்கத்தில் இருந்த சத்யப்பிரியா கொண்டையைப் பிடித்துத் தூக்கி வள்ளத்தில் போட்டிராவிட்டால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். "மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?"

"நிறுத்தலையே டாக்டர். தினமும் போடுறேன்."

டப்பாவில் இருந்ததைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இது சத்து மாத்திரைம்மா."

பிரெசில்லா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மருந்து வாங்கி அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைப்பது ஜெபஸ்டின்தான். நிறம் மாறியிருக்கிறதே என்று போன மாதம் அவள் கேட்டபோது, கம்பெனி மாறிவிட்டது என்று சொன்னவனும் அவன்தான்.

"வலிப்பு மாத்திரை தின்னா பிள்ளை தங்காதுன்னு அக்கா சொல்லுச்சு..." என்று இழுத்தான்.

"அதை எங்கிட்டல்ல கேட்டிருக்கணும்? அதுக்கேத்தபடி பார்த்திருப்போமே" என்ற டாக்டரம்மா, பிரெசில்லாவிடம் நிதானமாகச் சொன்னார். "இத்தனை நாள் விட்டுப்போனதுக்கப்புறம் பழைய அளவை எடுத்த எடுப்பிலே போடக்கூடாது. உடம்பெல்லாம் கொப்புளம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். அதுவரைக்கும் வலிப்பு வராம இருக்க வேற ஒரு மாத்திரை தாரேன். நான் சொல்ற வரைக்கும் கடல்ல இறங்காதீங்க."

"எத்தனை நாளைக்கு?"

"மாசக்கணக்குல ஆகும்மா."

முதல் தடவை மாத்திரை அந்த அளவுக்கு ஏறி வந்தபோது பட்ட பாடெல்லாம் பிரெசில்லாவின் கண்முன் வந்தது. தலைசுற்றல், பகலெல்லாம் தூக்கம், உலையில் அரிசி போட்டதே மறந்துபோன நாட்கள். அத்தனையையும் மறுபடி படவேண்டும், நாத்தனார் சொன்ன பேச்சுக்காக.

வீட்டுக்கு வந்ததும் ஜெபஸ்டின் பரணிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். "உன் மாத்திரை. தூரப்போடலை, எடுத்துத்தான் வச்சிருந்தேன். பழையபடி முழுசாப் போட்டுக்க. அடுத்த வாரமே பாசிக்குப் போயிரலாம்."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா? தண்ணியில சாகலைன்னு இப்ப மருந்து குடுத்துக் கொல்லப் பாக்குறியா?" கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே அழைத்தவள்.

"நல்லதுக்குத்தான..."

"யாருக்கு நல்லது? என் வாயில போடுறது என்னன்னு எனக்குத் தெரியக்கூடாதா?"

மறுநாள் காலையில் பாசிக்குப் போகும் பெண்கள் வள்ளத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிரெசில்லா அவனைக் கரைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள். "நான் ஏன் வரலைன்னு இவங்ககிட்ட சொல்லு."

அவன் மணலைப் பார்த்தபடி சொன்னான். சத்யப்பிரியா, "அன்னிக்கு நான் தள்ளி நின்னிருந்தா பொணத்தையில்லண்ணே கொண்டாந்திருப்போம்" என்று சொல்லிவிட்டு வள்ளத்தில் ஏறினாள்.

வள்ளம் தூரம் போனதும் அவன் கேட்டான். "சொல்லிட்டேன்ல. இப்ப கோவம் போச்சா?"

"போகலை" என்றாள் பிரெசில்லா. "இனிமே மருந்தை நானே வாங்கிக்கிருவேன். இப்ப நட, உன் அக்கா வீட்டுக்குப் போவோம். அங்கயும் வந்து சொல்லு."