சலித்த சாம்பல்

கூட்டுறவுக் கடை வாசலில் கோழித்தீவன மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது க்ளெட்டஸ் பின்னால் வந்து நின்று, "ஆர்லீன் உங்க ரெண்டு பேரையும் ரொம்பப் படுத்துறாளா?" என்று கேட்டான். ஆர்லீன் அவன் மனைவி. போன மாதம்தான் செத்துப்போனாள். துக்கத்தில் மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்து, காலரைச் சரிசெய்வதுபோல அவன் தோளைத் தொட்டேன். அவன் சிரித்தான். அவசரமில்லை, ரஸ்ஸலை நிதானமாகவே செய்யச் சொல், ஆனால் டப்பாவை மட்டும் தூக்கி எறிந்துவிட வேண்டாம், அது அவள் ஆசையாக வைத்திருந்த டப்பா என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூட்டை கையிலிருந்து நழுவிவிட்டது. அவனே குனிந்து எடுத்து வண்டியில் வைத்தான்.

ரஸ்ஸல் என் கணவன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய புகையிலைக் கொட்டகையில் நாங்கள் இருவரும் மண்பாண்டம் செய்கிறோம். அவன் சக்கரத்தில் உட்காருவான். கைப்பிடி ஒட்டுவது, மெருகுக் குழம்பில் முக்குவது, வாங்க வருகிறவர்களிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் என் வேலை. எங்கள் மெருகில் பாதி விறகுச் சாம்பல்தான். சூளையில் உருகி, கப்பின் மேல் தேன் வழிந்தது மாதிரி நிற்கும். குளிர்காலம் முழுக்க ஆர்லீன் தன் வீட்டு அடுப்புச் சாம்பலை ஒரு பெரிய சிவப்புக் காபி டப்பாவில் கொண்டுவந்து கொட்டகை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவாள். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக் கூடாது என்று நான் அதில் முட்டையோ பிஸ்கட்டோ போட்டுக் கொடுப்பேன். அவள் போன பிறகு க்ளெட்டஸும் அதே பெஞ்சில், அதே டப்பாவை வைத்தான். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம்.

சாம்பலை அப்படியே மெருகில் போட முடியாது. கழுவ வேண்டும். வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, மிதக்கும் கரியை வழித்தெறிந்து, காரத் தண்ணீரைச் சரிவில் ஊற்றி, கடைசியில் சல்லடையில் தேய்க்க வேண்டும். இறங்குகிற மாவு மெருகு வாளிக்கு. மேலே தங்குகிற கப்பி, பாதையில் குழி விழுந்த இடத்துக்கு. ரஸ்ஸல் இதையெல்லாம் யோசித்துச் செய்கிறவன் இல்லை. சிவப்பு டப்பாவைக் கண்டால் அவன் கை தானாக வாளிக்குப் போகும். அன்றைக்குச் சலிக்கும்போது முணுமுணுத்தான்: இந்தத் தடவை கரியே இல்லை, தண்ணீரில் வழுவழுப்பும் இல்லை, அடுப்பை வாரும்போது க்ளெட்டஸ் செங்கல்லையும் சேர்த்துச் சுரண்டியிருக்கிறான், முக்கால்வாசி கப்பி. பெண்டாட்டி இல்லாத வீட்டில் அடுப்பு வாரக்கூட ஆளில்லை என்று நானும் ஒத்து ஊதினேன்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று இப்போது தெரிகிறது. சர்ச்சில் ஆர்லீனுக்கான பிரார்த்தனை முடிந்து, கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாமும் உருளைக்கிழங்கு சாலடும் தின்றுகொண்டிருந்தபோது க்ளெட்டஸ் தட்டோடு வந்து ரஸ்ஸலின் காதருகில், "சாம்பல் கொண்டாந்து தர்றேன். எனக்கு ஒரு கப் பண்ணிக் குடு" என்றான். "எப்பவும் போல பெஞ்சுல வெச்சிட்டுப் போ" என்றான் ரஸ்ஸல். எங்கள் பேச்சில் அடுப்புச் சாம்பலுக்கும் ஆள் சாம்பலுக்கும் ஒரே சொல்தான். அதோடு, எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். அவள் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தோம். அவள் பிறந்த ஊரில் புதைக்கப் போகிறார்கள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். தன்னை எரிக்கச் சொல்லிவிட்டுப் போயிருப்பாள் என்று யார் நினைத்தார்கள்?

கடையிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். ரஸ்ஸல் சக்கரத்தில் ஒரு பெரிய கிண்ணத்தை வனைந்துகொண்டிருந்தான்.

"க்ளெட்டஸ் வெச்ச சாம்பல் எங்க?"

"கழுவியாச்சே." தலையாலேயே மெருகு வாளியைக் காட்டினான்.

"அது ஆர்லீன்" என்றேன்.

அவன் உடனே கையை எடுக்கவில்லை. கிண்ணம் ஒரு பக்கம் சாய்ந்து, சுற்றிக்கொண்டே சரிந்து விழுந்தது. பிறகு இரண்டு கையையும் தொடைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

நான் சொன்ன யோசனை சுலபமானது. அந்த வாளியிலேயே ஒரு நல்ல கப்பை முக்கிச் சுட்டுக் கொடுத்துவிடலாம். வாயைத் திறக்க வேண்டாம். பொய்கூட இல்லை, அதில் அவளும் இருக்கிறாள். அந்தக் கிழவனை இன்னொரு தடவை சாகடிப்பதில் யாருக்கு என்ன லாபம்? ரஸ்ஸல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"மிச்சம் ரோட்டுல கெடக்காளே" என்றான்.

நான் கப்பை முக்கினேன். இருப்பதிலேயே நல்ல கப், அகலமான கைப்பிடி, க்ளெட்டஸின் வாதம் பிடித்த விரல்கள் நுழைகிற மாதிரி. அதே மெருகு ஏறிய வேறு கப்புகளும் சூளையில் இருந்தன. அவற்றை யாரிடம் விற்பது என்று நினைக்கவே இல்லை. இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. பால் வண்டியும் தபால் வண்டியும் கப்பி கொட்டிய அந்தக் குழிமேல் ஏறி இறங்கிப் போயின. ரஸ்ஸல் ஒவ்வொரு வண்டியையும் கொட்டகை ஜன்னலிலிருந்து பார்த்தான்.

சூளையைத் திறந்த அன்று காலையில் மழை விட்டிருந்தது. கப் சூட்டோடு கையில் இருந்தது. இத்தனை வருஷத்தில் எங்களுக்கு இவ்வளவு அழகாக ஒன்று வந்ததில்லை. அதைக் காட்டத்தான் ரஸ்ஸலைத் தேடினேன். அவன் பாதைக் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கரண்டியால் செம்மண் சேற்றை அள்ளிச் சல்லடையில் போட்டுக்கொண்டிருந்தான். எது எலும்பு, எது சரளை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எழுந்திரு என்று கத்துவதற்குள் க்ளெட்டஸின் டிரக் பாதைக்குள் திரும்பிவிட்டது.

வழியில் ஆள் இருந்ததால் அவன் அங்கேயே நிறுத்தி இறங்கி, இரண்டு எட்டு வைத்துக் குழிக்குள்ளேயே வந்து நின்றான். "என்னடா, குழிய அடைக்கிறியா, தோண்டுறியா?" என்று சிரித்தான். நான் கப்பை உயர்த்திக் காட்டிக்கொண்டு ஓடினேன். ரஸ்ஸல் என்னைப் பார்க்கவே இல்லை.

"அங்க நிக்காத, க்ளெட்டஸ்."

"ஏன், பூட்ஸ் அழுக்காயிடுமா?"

"எப்பவும் போல அடுப்புச் சாம்பல்னு நெனச்சுட்டேன். கழுவிச் சலிச்சுட்டேன். கப்பியெல்லாம் இங்கதான் கொட்டினேன்."

க்ளெட்டஸ் சல்லடையைப் பார்த்தான். என் கையிலிருந்த கப்பைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். மெல்ல ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. விழாமலிருக்க, மண்டியிட்டிருந்த ரஸ்ஸலின் தலையைப் பிடித்துக்கொண்டான். அவன் பூட்ஸிலிருந்து சேறு சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் திரும்ப விழுந்துகொண்டிருந்தது.