பராமரிப்பில் இருப்பவர்

கணக்கு வருடம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. ஆடிட்டர் அம்மா என் ரசீதுகளை மேசைமேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கறை படாத காகிதம் ஒன்றுகூட அதில் கிடையாது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்கிறவனின் ரசீது வேறு எப்படி இருக்கும்?

“புது வெல்டிங் செட் வாங்கணும்னு சொன்னீங்களே, இந்த மாசமே வாங்கிடுங்க. தள்ளிப் போட்டா வரிக் கழிவும் அடுத்த வருஷத்துக்குப் போயிடும். செல்போன் பில் எங்க? பாதி கடைக்குத்தானே பேசுறீங்க, அதையும் கொடுங்க. வண்டி ரிப்பேர் ரசீது? பாருங்க, இருக்கிறதை விடாதீங்க, இல்லாததைச் சேர்க்காதீங்க. என் தொழிலே அவ்வளவுதான்” என்றார்.

நான் சிரித்தேன். என் வரி குறையக் குறைய, பல் வலி விட்டதுபோல் மனசு லேசாகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

“உங்க அண்ணனோட டாக்டர் சான்றிதழ் காலாவதி ஆயிடுச்சு. புதுசு வேணும். டாக்டர் ஆளை நேர்ல பார்த்துத்தான் எழுதித் தருவாங்க. உங்க வீட்லதானே இருக்காரு, ஒரு எட்டு கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க.”

என் வாயிலிருந்து “சரிங்கம்மா” என்றுதான் வந்தது.

அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். கூட்டத்தில் அவர் குரல் விட்டால் பின்சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து சில்லறை எடுப்பான். நாலு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். என் வீட்டுக்குத்தான் கூட்டி வந்தேன். நாலு மாதம் இருந்தார். அந்த வருடம் என் வரிப் படிவத்தில் ‘பராமரிப்பில் இருப்பவர்’ என்று அவர் பெயர் ஏறியது. அது சத்தியமான கணக்கு. அதற்குப் பிறகு கடையில் வேலை குவிந்தது. “ரெண்டு வாரம் மட்டும் வச்சுக்க” என்று தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

அடுத்த வருடம் ஆடிட்டர் அம்மா, “அண்ணன் அப்படியேதானே இருக்காரு?” என்று கேட்டார். “அப்படியேதான் இருக்காரு” என்றேன். அண்ணன் அப்படியேதான் இருந்தார், மாறியது வீடுதான். அடுத்தடுத்த வருடங்களிலும் அதே கேள்வி, அதே பதில். தங்கச்சிக்கு மாதாமாதம் அனுப்புவதாகச் சொன்ன பணம் ஐந்தாவது மாதத்தோடு நின்றுபோனது. அண்ணன் பெயரால் மிச்சமான வரியில்தான் கடைக்குப் புது ஷட்டர் போட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு, ஒரு பை ஆப்பிளோடு தங்கச்சி வீட்டுப் படிகளில் ஏறினேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“சின்னண்ணா! என்ன திடீர்னு? வா, வா. பெரியண்ணே, யார் வந்திருக்கா பாரு!”

அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பள்ளிக்கூட ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். ஹாலை இரண்டாகத் தடுத்து, ஜன்னல் உள்ள பாதியை அண்ணனுக்குக் கொடுத்திருந்தாள். சுவரில் மாத்திரை நேரங்கள் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தன. கட்டிலின் இடது பக்கம், கைக்கு எட்டுகிற இடத்தில் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் ஒரு சின்ன மணி. அந்தப் பக்கம்தான் அவருக்கு வேலை செய்கிறது என்பதை நான் யோசித்துத்தான் நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

“எப்படிண்ணே இருக்கீங்க?”

“சரி” என்றார் அண்ணன். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். பசிக்கும் சரி, கோபத்துக்கும் சரி. தங்கச்சிக்கு ஒவ்வொரு ‘சரி’யும் தனித்தனியாகப் புரிந்தது. “ரொம்ப நாளா ஏன் வரலன்னு கேக்குறாரு” என்றாள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது.

காப்பி குடித்து முடித்தேன். பிறகு, ஏதோ அரசாங்க உதவி கிடைக்கும்போல, டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்று இழுத்தேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்துபோய் அண்ணனின் பைலை எடுத்து வந்தாள்.

“தெருமுனை டாக்டர் ஒரு மணி வரைக்கும் இருப்பாரு. இப்பவே கிளம்பினா பிடிச்சிடலாம்.”

நான் அண்ணனை இடுப்பில் பிடித்துக்கொண்டேன். அவருடைய இடது கை என் கழுத்தைச் சுற்றி வந்தது. படியில் தங்கச்சி எங்களுக்கு முன்னால், எங்களைப் பார்த்தபடி பின்புறமாக இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் குனிந்து, அண்ணனின் அசையாத வலது காலை இரண்டு கையாலும் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். வைத்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தாள். மாதம் ஒருமுறை பிசியோதெரபிக்கு இப்படித்தான் போகிறார்களாம். கீழ்வீட்டுக்காரர் இருந்தால் மேலே பிடித்துக்கொள்வாராம்.

“இல்லேன்னா?”

“இல்லேன்னா உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவோம். முக்கால் மணி நேரம் ஆகும். எங்களுக்கென்ன, பிளைட்டா பிடிக்கணும்?”

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. சுவரில் சாய்த்து நிறுத்தினோம். நாலு கம்ப்ரஸர்களை ஒரே நாளில் தூக்கியிருக்கிறேன், இப்படி வியர்த்ததில்லை.

“அரசாங்க உதவி இல்ல” என்றேன். “அண்ணன் என் வீட்ல இருக்காருன்னு காட்டி வரியைக் குறைச்சுக்கிட்டு இருக்கேன். மூணு வருஷமா. அதுக்குத்தான் இந்தச் சான்றிதழ்.”

தங்கச்சி துப்பட்டா நுனியால் அண்ணனின் வாயோரத்தைத் துடைத்தாள்.

“தெரியும்.”

“எப்படி?”

“போன வருஷம் என் வரிக்கு இவர் பேரை ஆபீஸ்ல நான் எழுதிக் கொடுத்தேன். இவரை ஏற்கனவே ஒருத்தர் காட்டியிருக்காரு, செல்லாதுன்னு திருப்பிட்டாங்க. இவருக்கு நம்ம ரெண்டு பேரை விட்டா வேற யாரு இருக்கா?”

“ஏன்டி கேக்கல?”

“கேட்டிருந்தா மூஞ்சியைக் காட்ட வெட்கப்பட்டு, வர்றதையும் நிறுத்தியிருப்ப. எப்பவாவது வர்ற ஒரே ஆளு நீதான்.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தி, கொஞ்சம் நியாயம் சம்பாதித்திருப்பேன். அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அவர் என்னிடமிருந்து பார்வையை எடுத்துக்கொண்டு படிக்கட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“சான்றிதழை உன் பேருக்கே எழுதி வாங்குவோம்” என்றேன். “ஆடிட்டர்கிட்ட சொல்லிடுறேன்.”

“பழைய வருஷமெல்லாம்?”

“அதையும் திருத்தித்தான் ஆகணும். அபராதத்தோட கட்டணும்.”

“உன்னால முடியுமா?”

கடையைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ‘இல்லாததைச் சேர்க்காதீங்க’ என்ற ஆடிட்டர் அம்மாவின் முகம்தான் வந்தது.

கீழே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. தங்கச்சி மறுபடி குனியப் போனாள்.

“நீ மேல பிடிச்சுக்க. நான் கீழ வர்றேன்.”

அவள் அண்ணனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். நான் இரண்டு படி இறங்கி, திரும்பி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து அந்தக் காலைக் கையில் எடுத்தேன். நினைத்ததைவிடக் கனமாக, குளிர்ந்து இருந்தது. குதிகாலில் எண்ணெய் தடவியிருந்தது. ஐந்து விரல்களிலும் நகம் ஒட்ட வெட்டி, ஓரம் உறுத்தாமல் ராவிவிடப்பட்டிருந்தது.

“மெதுவா” என்றாள் தங்கச்சி. “இன்னும் இருபத்தாறு படி இருக்கு.”