நாலு நிமிஷக் கதவு

பத்துப் பேர். அதுதான் பேச்சு. படத்தின் நடுவே வரும் நாலு நிமிஷக் காட்சி முடிவதற்குள் அரங்கிலிருந்து பத்துப் பேர் எழுந்து போய்விட்டால், கேமராவை மூட்டை கட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் என் அண்ணனுடைய டைல்ஸ் கடையில் மேனேஜராக உட்கார்ந்துவிடுவதாக என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த மனிதர் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதனாலேயே எனக்குப் பயம்.

பிழைப்புக்குக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். மிச்ச நேரத்தில் பேய்ப்படம். பேய்ப்படம் என்றால் பேய் வர வேண்டாமா? வராது. "வரப்போகுதுங்கற பயம்தான் படமே," என்பார். ஒரு பெண் தனியாக ஒரு வீட்டுக்குக் குடிவருகிறாள், சமையலறைக் கதவு ஒரு சாண் திறக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்வளவுதான் கதை. அந்த ஒரு சாணுக்குத்தான் நாலு நிமிஷம்.

"இந்தக் கதவு திறக்கறதுக்குள்ள பேய்க்கே வெறுத்துப்போய் வேற வீடு பாத்துட்டுப் போயிடும்ங்க," என்று நானே சொல்லிப் பார்த்தேன். பார்த்த நண்பர்கள் எல்லாரும் அந்த இடத்தை வெட்டச் சொன்னார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றுவிட்டார்.

படம் எடுத்தது எங்கள் வீட்டில்தான், மூன்று வருஷத்துக்கு முன்னால், பட்டப்பகலில். நான் நர்ஸ். இரவு டியூட்டி முடித்துவந்து பகலில் தூங்குகிறவள். அவர் ஜன்னல்களில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு வீட்டை இருட்டாக்குவார். எனக்கும் தூங்க வசதி, பேய்க்கும் வசதி. உதவிக்கு ஆள் கிடையாது. கேமராவை ஹாலில் ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு, தானே சமையலறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, கதவைக் கால் கட்டைவிரலால் தள்ளுவார். எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு சட்டம்: கேமராவில் சிவப்புப் பொட்டு எரிந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மரத்தரை, காலை எடுத்து வைத்தால் முனகும், மைக் அதைப் பிடித்துவிடும்.

திரைப்பட விழாவில் எங்கள் படத்துக்குக் காலை பதினொரு மணிக் காட்சி கிடைத்தது. எல்லார் கழுத்திலும் அட்டை, தோளில் துணிப்பை. எங்களுக்கு முந்தைய படத்தில் ஒருவர் இருபது நிமிஷம் சைக்கிள் துடைத்தார். அதற்கே கைத்தட்டல் விழுந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏசி நல்லாத்தான் போட்டிருக்கான்," என்று சொல்லிக் கண்ணை மூடினார். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் முதுகை விறைத்துக்கொண்டு இருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் திரையை எங்கே பார்த்தேன்? வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக் காட்சி தொடங்கும்போதே ஆறு பேர் போயிருந்தார்கள். முதல் நிமிஷத்தில் ஒரு ஜோடி போனது. எட்டு. இரண்டாவது நிமிஷத்தில் போனைப் பார்த்துக்கொண்டே ஒருவர். ஒன்பது. மூன்றாவது நிமிஷத்தில் எங்கள் வரிசைக் கடைசியில் ஒரு தாடிக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

உட்காருய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும், என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் கடைசியாக ஒரு தடவை திரையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, அங்க யாரோ நிக்கறாங்க!"

நானும் பார்த்தேன். எங்கள் பழைய லேப்டாப்பில் அந்தக் கதவுக்கு இடப்பக்கம் வெறும் கறுப்புதான். இங்கே புது ப்ரொஜெக்டர், பெரிய திரை. இருட்டுக்குள் எங்கள் படுக்கையறைக் கதவு நிலை தெரிந்தது. நிலையில் ஒருத்தி. வெள்ளை நைட்டி, அவிழ்ந்த தலைமுடி, வெறித்த கண். அசையவில்லை. காட்சி தொடங்கியதிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கிறாள், எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அரங்கம் மொத்தமும் ஒரே நேரத்தில் அலறியது. கண்விழித்த அண்ணன் பேயறைந்தவர் போல என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா அது?"

"நான்தான்ண்ணே," என்றேன்.

தாடிக்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பிறகு ஒருவரும் எழவில்லை.

படம் முடிந்ததும் இவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் மைக்கை வாங்கிக் கேட்டாள்: "இதுவரைக்கும் நான் பாத்ததுலயே பயங்கரமான காட்சி இது. அந்தம்மா முகத்துல அப்படி ஒரு வேதனை! அந்த நடிப்ப எப்படி வாங்குனீங்க?"

"மாப்பிள்ள, ஏதாவது சொல்லி வைங்க," என்று அண்ணன் இருந்த இடத்திலிருந்தே முணுமுணுத்தார். ஒரு பொய் போதும். பெரிய இயக்குநர் ஆகிவிடலாம். ஆனால் இவருக்குப் பொய் வராது. வந்திருந்தால் கல்யாண வீடியோவிலேயே முன்னுக்கு வந்திருப்பார்.

"அது நடிப்பு இல்லைங்க," என்றார். "அது என் மனைவி. அவ அங்க நின்னது எனக்கு இப்பதான் தெரியும்."

யாரோ சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

"நான் கதவுக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். அப்பப் பாக்கல. சரி. அதுக்கப்புறம் மூணு வருஷம் இதே காட்சிய எத்தன தடவ ஓட்டிப் பாத்திருப்பேன். கதவ மட்டுமே பாத்துட்டிருந்தேன்." கூட்டத்தில் என்னைத் தேடினார். "ஏம்மா, அன்னிக்கு நீ எதுக்கு அங்க நின்ன?"

முந்நூறு பேர் திரும்பினார்கள். எழுந்து நின்றேன்.

"பாத்ரூம் போகணும்னு வந்தேங்க. செவப்புப் பொட்டு எரிஞ்சுது."

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. கண்ணாடிப் பெண் கண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கைத்தட்டல் ஆரம்பித்தது, வெகுநேரம் ஓயவில்லை. இவர் மட்டும் மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போட்டிருக்கலாம்தான். மூணு வருஷமா கண்ணு எங்கே இருந்தது என்று கேட்டிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் தன் தப்பைத் தானே சொல்லிவிட்டு நின்ற அந்த மனிதரை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணமான நாளில்கூட அவ்வளவு பிடித்ததில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் இவர் தோளைத் தட்டினார். "ஒன்பது பேர்தான் மாப்பிள்ள. நானும் எண்ணிட்டேன். கடைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

தூங்கிய மனிதர் எப்படி எண்ணினார் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், ஜன்னல்களில் மறுபடியும் கறுப்புப் போர்வை. புதுப் படம். இந்தத் தடவை ஜன்னல் திறக்கப்போகிறதாம். தலையில் அடித்துக்கொண்டு போய்ப் படுத்தேன். கண் செருகும் நேரத்தில் படுக்கையறைக் கதவு மெல்லத் திறந்தது. இவருடைய தலை தெரிந்தது.

"ஆரம்பிக்கப் போறேன். நீ போகணும்னா போயிட்டு வந்துடு."

"வேணாங்க. வரல."

"நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க. போய் வேலையப் பாருங்க."

தலை நகரவில்லை. நிலையிலேயே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் நான் எழுந்து போய்விட்டு வந்து படுத்த பிறகுதான், ஹாலில் சிவப்புப் பொட்டு எரிந்தது.