ஏழு பெட்டியும் ஒன்பது டிக்கெட்டும்

தம்பி மனைவி கிரீடத்துக்குள் செருப்பை வைத்திருந்தாள்.

பெட்டியக்கா அந்தப் பெட்டியை ஒருமுறை பார்த்தாள். தம்பி மனைவியை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒத்திகைக் கூடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தாள். கூரை என்ன பதில் சொல்லும்? கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுத்தியல் இப்போது தன் கையில் இல்லாததே நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

"உள்ள காலியாத்தானேக்கா இருந்துச்சு. எடம் வீணாப் போகுதேன்னுதான்..."

"அது தலையில வைக்கிறதும்மா."

"செருப்பு புதுசுக்கா. இன்னும் கால்லயே போடல."

பெட்டியக்கா செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, துவைத்த காலுறைகளைச் சுருட்டிச் சுருட்டிக் கிரீடத்துக்குள் அடைத்தாள். அப்படி அடைத்தால்தான் நசுங்காது. இதையும் நோட்டில் எழுத வேண்டும். பதினேழாம் பக்கம்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த நாடகக் குழுவின் உடுப்புப் பெட்டிகள் அவள் பொறுப்பு. குழுவை நடத்துவது அவளுடைய சொந்தத் தம்பி. நாடகம் எழுதுவது, ஆட்களைத் திட்டுவது, பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பது எல்லாம் அவன். அந்த நாடகத்துக்கு உடுப்பு மாட்டி மேடையில் நிறுத்துவது இவள். பெற்றவர்கள் வைத்த பெயர் எப்போதோ மறந்துபோய், அவளைவிட எட்டு வயது மூத்தவர்கள்கூடப் 'பெட்டியக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இத்தனை வருஷமும் வேனில் ஏறி ஊர் ஊராகப் போனதுதான். இப்போதுதான் முதல் தடவையாக வெளிநாட்டிலிருந்து அழைப்பு. ஐந்து நாடு, பத்தொன்பது நாள், பதினோரு ஆட்டம், ஒன்பது டிக்கெட். தம்பியையும் சேர்த்து எட்டுப் பேர் இல்லாமல் நாடகம் நடக்காது. ஒன்பதாவது டிக்கெட் பெட்டியக்காவுக்குத்தான் என்று லைட்டுக்காரர் முதல் கீழே டயர் கடைக்காரர் வரை எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். அவளும்தான். எல்லாரோடும் சேர்ந்து போய் பாஸ்போர்ட் எடுத்திருந்தாள். விமானத்தில் ஜன்னலோர இடம் கேட்டால் கொடுப்பார்களா என்று லைட்டுக்காரரிடம் விசாரித்துக்கூட வைத்திருந்தாள்.

அப்புறம்தான் தம்பி வந்தான்.

"அக்கா, உனக்கெதுக்கு இந்த அலைச்சல்? முட்டிவலி வேற. ரெண்டு நாட்டுல பனி கொட்டுதாம். இவளக் கூட்டிட்டுப் போறேன், விசாகூட வந்துடுச்சு. கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷத்துல எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. நாலு நாள் இருக்கே, துணிமணியெல்லாம் எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லிக் குடுத்துடு. ஒரு நோட்டுல எழுதியும் வச்சிடு."

பெரிய பாரத்தை அவள் தலையிலிருந்து இறக்கி வைத்தவனைப் போல முகமெல்லாம் மலர்ச்சி. அவள் "சரிடா" என்றாள். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இரண்டு நாள் கழித்துத்தான் வரிசையாக நினைவுக்கு வந்தது. நமக்கெல்லாம் பதில் எப்போதும் வண்டி போன பிறகுதானே வருகிறது!

அதோடு விட்டானா? இரும்புப் பெட்டிகள் விமானத்துக்கு எடை அதிகம் என்று சக்கரம் வைத்த ஏழு புதுப் பெட்டிகளை வாங்கி வந்து நிறுத்தினான். பழைய பெட்டியில் எது எங்கே என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து அடுக்க வேண்டும். ஒரு பெட்டி இருபத்து மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தான் மட்டும் ஏறி, கழித்துப் பார்த்துப் பார்த்து, தன் எடை இரண்டு கிலோ கூடியிருப்பதுதான் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

"அக்கா, ஆளுக்கொரு பெட்டின்னு போட்டுட்டா சுலபமாச்சே," என்றாள் தம்பி மனைவி இரண்டாம் நாள்.

"ஆளுக்கொரு பெட்டி போட்டா, மேடைக்குப் பக்கத்துல இருட்டுல நீ ஏழு பெட்டியையும் தொறந்து வச்சிக்கிட்டு ஓடணும். காட்சி வரிசையில அடுக்கணும். கடைசிக் காட்சி அடியில, மொதல் காட்சி மேல. பாதி ஆட்டத்துல ஒரு பெட்டி காலியாகும். கழட்டிப் போடுற வேர்வைத் துணியெல்லாம் அதுல."

"ஓ! இதுக்குள்ள இவ்ளோ இருக்கா!"

அந்த 'ஓ'வைக் கேட்டால் கோபப்படவும் முடியவில்லை. தம்பி மனைவி கெட்டவள் அல்ல. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். இவளோ சொன்னதையெல்லாம் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு தப்பாகச் செய்தாள். வெல்வெட்டைச் சுருட்டச் சொன்னால் மடித்தாள். மடிக்கச் சொன்னால் தன்னுடைய முடி உலர்த்தும் மெஷினை அதில் சுற்றினாள். மந்திரி அங்கிக்கு அடியில் அவளுடைய ஸ்வெட்டர் நாலு கிடைத்தது. பேயின் வெள்ளைப் புடவைக்குள் ஷாம்பு பாட்டில், அதுவும் மூடி சரியாக மூடாமல். பெட்டியக்கா அதைத் துடைத்த துடைப்பில் பேயே எழுந்து வந்திருக்கும்.

மூன்றாம் நாள் ராஜா அங்கி வந்தது. எந்த நாடகம் போட்டாலும் ராஜா வேஷம் கட்டும் பெரியவரை எல்லாரும் ராஜா சார் என்பார்கள். இந்த நாடகத்தில் ராஜா நாற்பது செகண்டில் பிச்சைக்காரனாக வேண்டும். விளக்கு அணையும், அவர் ஓரத்துக்கு வருவார், விளக்கு எரியும்போது கந்தலோடு நிற்பார். ஜனங்கள் கைதட்டுவதே அந்த இடத்தில்தான். அங்கியின் முன்பக்கம் பதினெட்டுப் பொத்தான், அத்தனையும் பொய். முதுகுப் பக்கம்தான் திறப்பு. அதை ஒரே நூலால் ஓட்டுத் தையல் போட்டு மூடுவாள். கழுத்துப் பக்கம் நூலில் ஒரு பாசிமணி கட்டியிருக்கும், அடியில் முடிச்சு கிடையாது. மணியைப் பிடித்து ஒரே இழுப்பு, அங்கி முழுதும் கீழே. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகத் தைக்க வேண்டும். தையல் தெரிந்த எவளும் முதல் வேலையாக நூலில் முடிச்சுப் போடுவாள். போட்டால் தீர்ந்தது, ராஜா ராஜாவாகவே நிற்க வேண்டியதுதான்.

"இதுல ஏதாச்சும் சூட்சுமம் இருக்காக்கா?"

"ஒண்ணுமில்ல. சாதாத் தையல்தான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. முதல் ஆட்டத்துக்கு அவளே தைத்து அனுப்புகிறாள், அது நன்றாகவே நடக்கும். இரண்டாவது ஆட்டத்தில் முடிச்சு மாட்டும். அப்புறம் தம்பி போன் செய்வான். 'அக்கா, நீ இல்லாம முடியாது, ஏறி வா' என்பான். விசா, பயணமெல்லாம் அழைத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாருக்கும் ஒரு கேடும் இல்லை, ஒரே ஓர் ஆட்டம்தான் போகும். சொல்லப்போனால் அவள் பொய்கூடச் சொல்லவில்லை. தையல், தையல்தானே! இப்படியெல்லாம் தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தை ஓட்டினாள்.

சாயங்காலம் ராஜா சார் இடுப்புப் பட்டை அளவு பார்க்க வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு அடங்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீ வரலையாமே பெட்டியக்கா?"

"ஆமா சார்."

"இருட்டுல எனக்குக் கண்ணு சுத்தமாத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ கையப் புடிச்சு இழுத்துக்குவ. நான் பாட்டுக்கு நிப்பேன். இந்தத் தடவை யாரு புடிப்பாங்க?"

அவர் போன பிறகும் அந்தக் குரல் போகவில்லை. முன்பின் தெரியாத ஊரில், பாதி கழன்ற அங்கிக்குள் கை மாட்டிக்கொண்டு, விளக்கு எரியும்போது அந்த மனுஷர் திருதிருவென்று முழிப்பதை நினைத்துப் பார்த்தாள். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்னையே வைதுகொண்டு நோட்டை எடுத்தாள். நாற்பத்தோராம் பக்கம். 'அடியில் முடிச்சுப் போடவே கூடாது' என்று எழுதி மூன்று கோடு போட்டாள். 'இருட்டில் ராஜா சார் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்' என்று அடுத்த வரி.

மறுநாள் தம்பி மனைவியை உட்கார வைத்து நாலு தடவை தைக்கச் சொன்னாள். முதல் மூன்று தடவையும் பழக்க தோஷத்தில் முடிச்சு.

"முடிச்சு!"

"அய்யோ, கை தானாப் போகுதுக்கா."

"கையக் கட்டிப்போட்டுத் தை!"

நாலாவது தடவை மணியை இழுத்ததும் அங்கி பொத்தென்று விழுந்தது. தம்பி மனைவி கைதட்டிக் குதித்தாள். சத்தம் கேட்டு வந்த தம்பி நோட்டைப் புரட்டினான். படம், எண், எந்தத் துணிக்கு எந்தச் சோப்பு, எந்த நாட்டில் எதை மேலே வைப்பது, எல்லாம் இருந்தது.

"அக்கா, பிரமாதம்! இத வச்சிக்கிட்டு யாரு வேணாலும் செய்யலாம் போலயே!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் தன் கையெழுத்தால் கெட்டாள். வேன் வந்தது, ஏழு பெட்டியும் ஏறியது, ஒன்பது பேரும் கையசைத்தார்கள். கூடத்தைப் பெருக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள்.

முதல் ஆட்டம் நன்றாக நடந்ததாகச் செய்தி வந்தது. நடக்காமல் என்ன, அது அவள் தைத்தது. இரண்டாவது ஆட்டம் அடுத்த நாட்டில். அங்கே ஆட்டம் முடிகிற நேரம் இங்கே விடிந்து பால் காயும் நேரம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அன்று காலை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். எழுதிக் கொடுத்தவளே இப்போது ஏதாவது ஒன்று கோளாறாகட்டும் என்று காத்திருந்தாள், சின்னதாக ஒன்று. வெட்கமாக இருந்தது, இருந்தாலும் காத்திருந்தாள்.

போன் அடித்தது.

"அக்கா! நானே தச்சேன்க்கா! ஒரே இழுப்பு, பொத்துன்னு விழுந்துச்சு! ராஜா சார் கையக்கூட நான்தான் புடிச்சிக்கிட்டேன். ஒரு கொறையும் இல்லக்கா, எல்லாம் நீங்க எழுதினபடியே!"

"நல்லதும்மா," என்றாள். நிஜமாகவே நல்லதுதான்.

தம்பி போனை வாங்கினான். "கேட்டியாக்கா? இனிமே உனக்கு இந்தப் பெட்டி கட்டுற தொல்லையே இல்ல. இவளே பாத்துக்குவா. நீ நிம்மதியா இரு."

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தாள்.

"எனக்கும் வரணும்னு ஆசையா இருந்துச்சுடா."

அந்தப் பக்கம் சிரிப்பும் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி எங்கோ தள்ளிப் போனான் போல, அது மெல்லத் தேய்ந்தது.

"நீ சொல்லவே இல்லையேக்கா."

"நீ கேக்கவே இல்லையேடா."

'சரி விடு, போய்ச் சாப்பிடு' என்று அக்கா எப்போதும்போல முந்திக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருப்பான். அக்கா முந்திக்கொள்ளவில்லை. என்ன சொல்கிறானோ சொல்லட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.