மிலுங்கா கையெழுத்துப் போடவில்லை

மாமனாருக்கு நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுவாரம், சொத்து விஷயமாக நோட்டரி எங்களைக் கூப்பிட்டிருந்தார். நான், என் கணவர் ராடோயே, அவருடைய தங்கை மிலுங்கா மூவரும் போனோம். எங்கள் மாண்டினீக்ரோவில் இதற்கெல்லாம் அதிக நேரம் பிடிக்காது. பெண்பிள்ளை தன் பங்கை அண்ணனுக்கு விட்டுத்தருவதாகக் கையெழுத்துப் போடுவாள். வெளியே வந்து எல்லோரும் காபி குடிப்போம். என் அப்பா போனபோது நானும் அப்படித்தான் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

மிலுங்கா கல்யாணமாகிப் போய், ஒத்துவராமல் திரும்பி வந்தவள். படுக்கையில் விழுந்த தகப்பனைக் கடைசிவரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். நாங்கள் நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, பாலாடைக்கட்டியும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

நோட்டரி கேட்டார்: "உங்க பங்கை அண்ணனுக்கு விட்டுத்தர்றீங்களாம்மா?"

"இல்லைங்க," என்றாள் மிலுங்கா.

சரியாகக் காதில் விழவில்லையோ என்று அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாள்.

ராடோயே சிரிக்கப் பார்த்தார். "என்னடி விளையாட்டு இது? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்ண்ணா. வீடு எனக்கு வேணும். ரோட்டோரப் புல்வெளிய நீ எடுத்துக்கோ. நல்ல விலை போறது அதுதான்."

"உன்னை வெளிய போன்னா சொல்லப் போறேன்?"

"சொல்ல மாட்டே. ஆனா நெனைச்சா சொல்லலாம்ல? அதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லேன் இவளுக்கு. உங்க அண்ணன்கிட்ட ஒரு துரும்பு கேட்டிருப்பியா நீ?"

"கேக்கலை," என்றேன். "கேட்டிருக்கணும்."

அன்றைக்கு யாரும் காபி குடிக்கவில்லை.

பங்கு அவள் சொன்னபடியே பிரிந்தது. சட்டம் அவள் பக்கம் இருந்தது. வழக்கென்று அலைய இவருக்கும் பொறுமை கிடையாது. ஆனால் தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். "தங்கச்சி பாகம் வாங்கிட்டாளாமே?" என்று காபிக்கடையில் யாராவது கேட்டுவிட்டால், அன்று இரவு அவருக்குச் சோறு இறங்காது. என்னிடமும் முகம் கொடுக்க மாட்டார்.

டிசம்பரில் எங்கள் குடும்பப் புனிதர் நிக்கோலாவின் திருநாள் வந்தது. எப்போதும் கிராமத்து வீட்டில்தான் கொண்டாடுவோம். அந்த வருஷம் பிடிவாதமாக எங்கள் அடுக்குமாடி வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றினார். எங்கள் வழக்கப்படி அந்தத் திருநாளுக்கு யாரையும் அழைப்பதும் இல்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. மத்தியானம் மிலுங்கா பனியை உதறிக்கொண்டு வாசலில் நின்றாள். இறைச்சி தொடாத நோன்புக்காலம் என்பதால் புகைபோட்ட கெண்டை மீன் கொண்டுவந்திருந்தாள்.

ராடோயே நாற்காலியை இழுத்துப் போட்டார். பிளம் சாராயம் ஊற்றி முன்னால் நகர்த்தினார். மற்ற விருந்தாளிகள் பாட ஆரம்பித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"கூரை ஒழுகுதா?"

"வடக்கு மூலையில கொஞ்சம்."

"கொஞ்சம்னுதான் ஆரம்பிக்கும். பனி உருகட்டும், வர்றேன்."

ஏப்ரலில் போனார். வடக்கு மூலைக் கூரை ஓடுகளை மாற்றி முடிப்பதற்குள் அண்ணனும் தங்கையும் இரண்டு தடவை சண்டை போட்டுக்கொண்டார்கள்.