இருபத்தாறுக்கு ஒன்னே முக்கால்

என் தம்பியைக் கொன்றது நான்தான். சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வர வேண்டாம்.

என் பெயர் யோகலட்சுமி. பினாங்குத் தீவின் கெலுகோரில் வளர்ந்தவள். அப்பா விஸ்வலிங்கம் ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்பதை வாயில் சோறு இருக்கும்போதுகூட ஞாபகப்படுத்துவார். 1983இல் நான் தங்கராஜுவைக் கட்டிக்கொண்டேன். பத்து காவான் என்கிற தோட்டத்தில் பிறந்து, பினாங்குக்கு வந்து டத்தோ கிராமாட் சாலையில் சைக்கிள் கடை வைத்தவர். "தோட்டத்துப் பொடியன், அதுவும் காத்தடிக்கிறவன்" என்றாராம் அப்பா. கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மா செல்வநாயகி, அப்பா தலையாட்டும் பக்கம் தானும் ஆட்டுகிறவள். ஒன்பது வருடம் அந்த வீட்டுக் கேட்டை நான் தாண்டவில்லை. கடையிலிருந்து அங்கே பஸ்ஸில் இருபது நிமிடம். அவர்கள் வேறு நாட்டில் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

அந்த ஒன்பது வருடமும் என்னைப் பார்க்க வந்த ஒரே ஆள் தம்பி விநாசித்தம்பி. என்னைவிட ஏழு வயது இளையவன். தாத்தாவின் பெயரை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். வேலை செய்த புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் அவனை 'வின்னி' என்றுதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை கடைக்கு வருவான். தேநீர் குடிப்பான். போகும்போது ஒரு வரி சொல்வான்: "அப்பா கொஞ்சம் கொஞ்சமா எறங்கி வராரு அக்கா." அந்த வரிக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன். எனக்கு வெட்கம் மானம் எதுவும் இல்லை, அப்பா ஒரு தடவை 'வா' என்று சொன்னால் ஓடிப்போவேன். அது தம்பிக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

1992இல் அவன் மவுண்டன் பைக் ஒன்று வாங்கினான். ஊரே அந்தப் பைத்தியத்தில் இருந்த நேரம். வாங்கிய அன்றே கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஓட்டிப் பாருக்கா" என்றான். நான் அப்பாவின் இருபத்தெட்டு இன்ச் சைக்கிளில் பழகியவள். அதில் குழி வந்தாலும் பெரிய சக்கரம் மேலேயே உருண்டு போய்விடும். உட்கார்ந்திருப்பவருக்கு லேசாக ஒரு குலுங்கல், அவ்வளவுதான். ஆனால் திருப்ப வேண்டுமென்றால் லாரியைத் திருப்புகிற மாதிரி. இவன் வண்டி இருபத்தாறு. மிதித்த உடனே பாய்ந்தது. சந்து முனையில் நினைத்ததுமே திரும்பியது. கல் மேல் ஏறினால் தடித்த டயர் அமுங்கி வாங்கிக்கொண்டது. சேலையைச் செருகிக்கொண்டு இரண்டு சுற்று வந்தேன். எதிர்க்கடைச் சீனக் கிழவர் கைதட்டினார்.

"சக்கரம் பெருசா இருந்தா குழிய தாண்டும், சின்னதா இருந்தா குழிக்குள்ள எறங்கும்" என்றார் என் வீட்டுக்காரர். "அதுக்குத்தான் இதுல டயர தடிப்பா போட்டிருக்கான். இருபத்தெட்டுக்கு சக்கரமே மெத்தை, இதுக்கு டயர்தான் மெத்தை."

"அத்தான் பேசாம யூனிவர்சிட்டில போய் பாடம் நடத்தலாம்" என்றான் தம்பி.

"அங்கயும் உங்கப்பா வந்து சர்ட்டிபிகேட் கேப்பாரு லா" என்றார் அவர். மூவரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் பாதையில் போவான். தார் போட்ட பாதைதான், ஆனால் செங்குத்து. ஏறவே ஒன்றரை மணி நேரம், இறங்குவது பிரேக்கைப் பிடித்தபடியே. வண்டியோடு வந்த டயர் கட்டை கட்டையாகப் பல் வைத்தது. மண்ணுக்கு அது நல்லது, தாரில் பிடித்து இழுக்கிறது என்று அலுத்துக்கொண்டான். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொழிற்சாலையிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, பல்லு இல்லாத டயர் ரெண்டு வேணும். கொஞ்சம் ஒல்லியா. இருபத்தாறுக்கு ஒன்னே முக்கால்."

நான் ஆர்டர் தாளில் எழுதினேன். 26 பெருக்கல் குறி, பக்கத்தில் ஒன்று, மேலே மூன்று, கோடு, கீழே நான்கு. பின்னம் எழுதினால் கோடு நேராக இருக்க வேண்டும் என்று அப்பா ஸ்கேலால் விரலில் தட்டிப் பழக்கியது. அவன் வாயால் சொன்னது 'ஒன்னே முக்கால்'. டயரில் அச்சடித்திருப்பது ஒன்று புள்ளி ஏழு ஐந்து. இரண்டும் ஒன்றுதானே என்று நான் யோசிக்கக்கூட இல்லை. ஒன்று என்று தெரிந்ததை யார் யோசிப்பார்கள்?

எதிர்க்கரையில் உள்ள பிறையிலிருந்து சாமான் கொண்டுவரும் இப்ராஹிம், வெள்ளிக்கிழமை டயரை இறக்கும்போது தாளை இன்னொரு தடவை பார்த்தார். "அக்கா, இது யாருக்கு? இந்த சைஸ இப்ப சைக்கிள்ல ரொட்டி விக்கிறவங்கதான் கேக்குறாங்க."

"எழுதினத கொண்டாந்தீங்கல்ல? போதும். என் எழுத்துல உங்களுக்கு என்ன சந்தேகம்?"

இப்ராஹிம் நல்ல மனிதர். "சரிக்கா" என்று போய்விட்டார். என் வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் பத்து காவானில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். தம்பி வருவான் என்று நான் போகவில்லை. ஒன்பது வருடம் சைக்கிள் கடைக்காரன் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு டயர் மாட்டத் தெரியாதா? உட்கார்ந்து நானே மாட்டினேன். புது டயர் என்றால் கடைசி ஒரு சாண் ரிம்முக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நெம்புகோல் போட்டு ஏற்ற வேண்டும். இது கட்டை விரலால் தள்ளியதும் உள்ளே போய்விட்டது. எனக்குச் சந்தோஷம். நல்ல ரப்பர் என்று நினைத்தேன். கைத்திறமை என்றும் நினைத்தேன், ஏன் மறைக்க வேண்டும்.

தம்பி சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். "லேசா ஆடுதேக்கா."

"புது டயர் அப்படித்தான். ஓட ஓட உக்காந்துரும்."

"அத்தான் வந்து ஒரு பார்வை பாக்கட்டுமே?"

"ஏன், நான் பாத்தா ஆகாதோ?"

சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். பிறகு காலை ஊன்றிக்கொண்டு சொன்னான்: "நேத்து அப்பா உன் பேர சொன்னாரு. அம்மாகிட்ட, 'யோகம் இருந்தா இந்த ஃபாரத்த அஞ்சு நிமிஷத்துல நெரப்பியிருப்பா'ன்னு. தீபாவளிக்கு நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன், பாரு." அவன் போன பிறகு நான் கடை முன்னாலிருந்த ஐந்தடிப் பாதையிலேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க எந்தச் சேலை கட்டுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்று போயிருக்கிறது. ஓரத்துச் சாக்கடையின் சிமெண்டில் தலை மோதியிருக்கிறது. முந்தின ராத்திரியே திரும்பியிருந்த என் வீட்டுக்காரரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். கூடப் போன நண்பன் சைக்கிளைத் தன் வேன் பின்னால் போட்டுக் கொண்டுவந்திருந்தான். என் வீட்டுக்காரர் குனிந்து டயரின் பக்கவாட்டைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"யோகம், இது ரொட்டிக்காரன் சைக்கிள் டயரு."

"இருபத்தாறுதானே? ஒன்னே முக்கால்தானே?"

"புள்ளி போட்டு எழுதினா ஒரு ரிம்மு. கோடு போட்டு எழுதினா வேற ரிம்மு. இது ஒரு சென்டிமீட்டர் பெருசு. காத்து அடிச்சா நிக்கிற மாதிரி நிக்கும். பிரேக் பிடிச்சு ரிம்மு சூடானா வெளிய வந்துரும்."

"முக்கால்னா புள்ளி ஏழு அஞ்சுதாங்க."

"கணக்குல ஒன்னுதான். சக்கரத்துல ஒன்னு இல்ல" என்றார் மெதுவாக.

அந்த நேரம்தான் போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அவருக்குப் பின்னாலேயே அப்பாவும் அம்மாவும். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அப்பாவை மூன்றடி தூரத்தில் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. டயரை மாட்டியது யார் என்று போலீஸ்காரர் மலாயில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் ஓர் அடி முன்னே வந்து, "சாயா, என்சிக்" என்றார். நான்தான் ஐயா, என்று.

நான் மறுத்துப் பேசியிருக்கலாம். அப்பா அங்கே நின்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். அப்பா என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"உங்கப்பா என்னை வெறுத்து ஒன்பது வருஷமாச்சு. எனக்குப் பழகிப்போச்சு லா. உன்னையும் அப்படி வெறுத்தா நீ தாங்க மாட்ட."

தம்பி கண்ணைத் திறக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை போய்விட்டான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். "வா பிள்ளை, வீட்டுக்குப் போவம்" என்றார். எனக்கு மட்டும்தான் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், போ என்று தலையை ஆட்டினார். நான் போனேன். கடவுளே, நான் போனேன்.

அடக்கத்தன்று என்னை அம்மா மடியில் போட்டுக்கொண்டாள். என்னோடு பேசாத சித்திமாரும் மாமிமாரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். உள்ளே வா என்று ஒருவர் சொல்லவில்லை. பாடையைத் தூக்கும்போது அவர் ஒரு கை கொடுக்க வந்தார். அப்பா, வேண்டாம் என்று விரலைக் காட்டினார். அவர் கையைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நடந்து போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, இனியும் என்னால் முடியாது என்று ஆகிவிட்டது. ஆர்டர் தாளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, டயர் மாட்டினது அவர் இல்லை. நான்தான். சைஸைப் பிழையாய் எழுதினதும் நான்தான். அவர் அண்டைக்குக் கடையிலயே இல்லை."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"தம்பி என்ன கேட்டவன்?"

"இருபத்தாறுக்கு ஒண்டே முக்கால்."

"அதைத்தானே எழுதியிருக்கிறாய். இதிலை என்ன பிழை?"

புள்ளியையும் கோட்டையும் சொன்னேன். இரண்டு ரிம்மையும் சொன்னேன். கட்டை விரலால் உள்ளே போனதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒன்பது வருடத்தில் நான் அவரோடு பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

"முக்காலும் புள்ளி ஏழு அஞ்சும் ஒண்டுதான் பிள்ளை. எந்தப் பள்ளிக்கூடத்திலையும் ஒண்டுதான். வேறை எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"அவர்தான் சொன்னவர்."

"பார்த்தியே." அப்பா தாளை நான்காக மடித்தார். "தான் செய்த பிழையை உன்ரை கையெழுத்திலை கொண்டுவந்து போட்டிட்டான். நீயும் அதை நம்பி, அவனைக் காப்பாத்த என்னட்டை வந்து நிக்கிறாய். உனக்கு எழுதப் பழக்கினது நான். நீ பிழை விடமாட்டாய்."

"அப்பா, நான்தான் தம்பியைக் கொன்றனான்."

"போதும் பிள்ளை" என்றாள் அம்மா. என் தலையைத் தடவிவிட்டாள். சமையலறைக்குப் போய்க் கோப்பி கொண்டுவந்தாள். அந்த வீட்டுக் கோப்பி, அதே சீனி. இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மகன் போன வீட்டில் அவருக்கு மிச்சம் இருப்பது பிழை விடாத ஒரு மகள். அதையும் பிடுங்க வேண்டுமா என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். சாக்குத்தான், தெரியும். கோப்பியைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நான் அங்கே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அப்பா எனக்காகக் கார் அனுப்புகிறார். கார் கடைக்கு முன்னால் நிற்காது, நாலு கடை தள்ளி நிற்கும். அக்கம்பக்கத்தில் விஷயம் பரவிவிட்டது; எங்களிடம் டயர் மாற்ற யாரும் வருவதில்லை. என் வீட்டுக்காரர் காலையிலிருந்து சும்மா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நான் சேலை கட்டிக்கொண்டு இறங்கி வந்தால் எழுந்து வழி விடுவார்.

"போய்ட்டு வா யோகம். அப்பாவ கேட்டேன்னு சொல்ல வேணாம்" என்பார்.

நான் போகிறேன்.