சலவைக்கூடத்துப் பலகை

சக்கரக்கா என்று சொன்னால்தான் அந்தச் சலவைக்கூடத்தில் யாருக்கும் தெரியும். காலில் சக்கரம் கட்டின மாதிரி ஓடிக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். நாலு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் வந்து இறங்கும். இருபத்திரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்ததில் அவளுடைய கெண்டைக்கால் நரம்பெல்லாம் நீலநீலமாகச் சுருண்டுபோயிருந்தது. இனிமேல் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தேடிக்கொள்ளம்மா என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேடிக்கொள்ள அது என்ன கடையிலா விற்கிறது?

ஆனால் தானாகவே தேடி வந்தது. முதலாளி ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டுத் தலைகால் புரியாமல் திரும்பி வந்தார். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தொலைநோக்கு வாசகம் வேண்டுமாம். படித்தவுடனே தொழிலாளிக்கு உடம்பு சிலிர்க்க வேண்டுமாம். அதை எழுத அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஆள் சக்கரக்கா. அவள் எழுதும் லீவு லெட்டர் அப்படி. இரண்டு நாள் கேட்டு எழுதியிருந்தாள், படித்துவிட்டு மனிதர் மூன்று நாள் கொடுத்தார். நல்லா எழுதிக் கொடு, ஆபீசில் மேற்பார்வை நாற்காலி காலியாகத்தான் இருக்கு, உனக்கே என்றார்.

நாற்காலி! அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரம் துலக்கும்போது ஒரு வரி, பஸ்ஸில் தொங்கும்போது ஒரு வரி. எழுதுவாள், அடிப்பாள், கிழிப்பாள். 'வெண்மையே எங்கள் மூச்சு' என்று எழுதினதைப் பார்த்து, என்ன, பல்பொடி விளம்பரமா என்று கேட்டார் வீட்டுக்காரர். ஐந்தாம் நாள்தான் அது வந்து விழுந்தது: 'நம்மிடம் வந்தது எதுவும் தொலையாது. வந்ததைவிட நன்றாகவே திரும்பிப் போகும்.' முதலாளி கண் கலங்கிவிட்டார். ஆளுயரப் பலகையில் நீல எழுத்தில் எழுதி வாங்கி, வாசல் சுவரில் சாத்திவைத்தார்கள். திங்கட்கிழமை மாட்டுவதாக ஏற்பாடு.

எழுதும்போதே அவளுக்கு ஓர் உறுத்தல் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் மூட்டையைப் பிரித்து, கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரிப்பையும் ஒரு மேஜைமேல் உதறிவிட்டுத்தான் மெஷினில் போடுவார்கள். பல்செட், மோதிரம், மூக்குக்கண்ணாடி என்று என்னென்னவோ உதிரும். எல்லாம் ஒரு தகரத் தட்டில் சேர்ந்து, எந்த வார்டு என்று சீட்டு ஒட்டி, மறுநாள் வண்டியில் திரும்பிப் போகும். இரண்டு மாசத்துக்கு முன்னால், இதில் நேரம் வீணாகிறது என்று முதலாளி அந்த மேஜையையே தூக்கிவிட்டார். மூட்டைகள் நேரே மெஷினுக்குப் போயின. தட்டு காலியாகக் கிடந்தது. சக்கரக்கா அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். கால் வலி அப்படி.

சனிக்கிழமை மத்தியானம் ஒருத்தர் வந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு, வெள்ளையடிக்கிறவர். ஆஸ்பத்திரியில் இருக்கிற அவர் அம்மாவின் காது மெஷின் தலையணை உறையோடு போய்விட்டதாம். திங்கட்கிழமை ஆபரேஷன். டாக்டர் பேசுவது ஒன்றும் காதில் விழாமல், அம்மா எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் கண்ணில் பலகை பட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் தெளிந்துவிட்டது.

"அப்பாடா. இங்க வந்தா தொலையாதுன்னு எழுதியே வச்சிருக்கீங்களே. நான் வேற பயந்துகிட்டே வந்தேன்."

சக்கரக்கா அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். ஆறு மெஷினின் வடிகட்டியையும் கழற்றிக் கையைவிட்டுத் துழாவினாள். பஞ்சு, நூல், முடி. ஆறாவதில் மட்டும் உடைந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று, அதில் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய குழாய். காது மெஷினில் அவ்வளவுதான் மிச்சம்.

விஷயத்தைக் கேட்ட முதலாளி குரலைத் தாழ்த்தினார். இங்கே வரவே இல்லை என்று சொல்லி அனுப்பு, வார்டிலேயே எங்கேயாவது விழுந்திருக்கும், அவருக்கு எப்படித் தெரியும் என்றார். திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார வேண்டியவள், பார்த்து நடந்துகொள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வாசலுக்கும் மெஷினுக்கும் நடுவே எத்தனை நடை நடந்தாளோ, அவளுக்கே தெரியாது. வரவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த மனுஷரும் நம்பிவிடுவார், பலகையையே நம்பினவராயிற்றே! அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. போய் எதிரே நின்று, உடைந்த துண்டு இருந்த கையை விரித்துக் காட்டினாள்.

"வந்துச்சுங்க. நாங்கதான் பார்க்காம மெஷின்ல போட்டுட்டோம். அந்த வரியை எழுதினதும் நான்தான். எழுதும்போதே அது பொய்னு எனக்குத் தெரியும்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, பயப்படாதேம்மான்னு சொல்லணும். எப்படிச் சொல்றது?"

அவர் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை முதலாளி புதுச் சட்டையும் சுத்தியலுமாக வந்தபோது சுவரோரம் பலகையைக் காணோம். மெஷின் பக்கம் இரண்டு டிரம்மின்மேல் அதைப் படுக்கப் போட்டிருந்தார்கள். நீல எழுத்து மேலே பார்த்துக் கிடக்க, சுற்றிலும் பெண்கள் நின்று விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சக்கரக்கா. இது என்ன கூத்து, உனக்கு நாற்காலி வேண்டாமா என்று அவர் கத்தினார்.

"வேணும்தான் சார். கால்ல உயிர் போகுது. ஆனா மொதல்ல அந்த வரி நிஜமாகட்டும். அப்புறம் மாட்டிக்கலாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு தலையணை உறையிலிருந்து டக்கென்று பலகைமேல் என்னவோ விழுந்தது. எல்லார் கையும் நின்றுபோனது. பல்செட். மேல் வரிசை முழுசாக, முதலாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தது. சக்கரக்கா அதைத் துணியால் துடைத்து, வார்டு சீட்டு ஒட்டி, தகரத் தட்டோடு அவர் கையிலேயே கொடுத்தாள். காலையிலிருந்து யாரோ சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள், வண்டி கிளம்புவதற்குள் சேர்த்துவிடுங்கள் என்றாள். மனிதர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வண்டியை நோக்கி நடந்தார். நாற்காலியைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

மணி ஒன்பது. அங்கே அந்த அம்மாவை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். பயப்படாதே என்று மகன் எப்படித்தான் சொன்னாரோ. சக்கரக்கா அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை உதறினாள்.